கையின் பாரத்தை எது தாங்கும்?

மலைநாட்டிலிருந்து மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலுபவர். கடிதத்தின் சாரம் இதுதான்:

"ஐயா, எங்கள் அப்பா 1967 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட லாண்ட் றோவர் ஒன்றை வைத்திருக்கிறார். தோட்டங்களிலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஓராண்டாக வலது தோளில் நோவு. ஸ்டியரிங்கை இப்படி இழுத்துத் திருப்புவதை நிறுத்தாவிட்டாற் கையை உயர்த்தவே முடியாமற் போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்கிறார் அம்மா. விற்றுவிட்டால் எனக்கும் தங்கைக்கும் படிப்பேது என்கிறார் அப்பா. இரண்டே நாளிற் பவர் ஸ்டியரிங் பூட்டித் தருகிறேன் என்கிறார் ஒரு கராஜ்காரர். அதை நம்பலாமா?"

தையல் யந்திரம், நீர்ப்பம்பி, வானொலிப் பெட்டி என்று வீட்டிலுள்ள பொருள்களைப் பற்றியே இப்பகுதியில் எழுதிவருகிறோம். ஆயினும் ஒரு குடும்பத்தின் சோறும் இரு பிள்ளைகளின் கல்வியும் ஒரு தோள்மூட்டிலே தொங்குகின்றன என்றால், அந்த வண்டியும் அவ்வீட்டுப் பொருளேயன்றோ? கடிதத்திற்கு விடை எழுதி அனுப்பிவிடுவது எளிது. வண்டியைக் காணாமற் சொல்லும் விடை நோயாளியைக் காணாமற் கொடுக்கும் மருந்து போன்றது. ஆதலால் ஒரு சனிக்கிழமை நேரிற் சென்றோம்.

பழைய வண்டியின் அமைப்பு

லாண்ட் றோவர் என்னும் வாகனம் 1948 ஆம் ஆண்டு ஏப்ரில் 30 ஆந் திகதி ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. எனவே அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்தார்கள். அடிச்சட்டமாகிய சேசிஸை உருக்கினாற் செய்தார்கள். அச்சட்டம் திண்மையான இரும்புப் பாளம் அன்று. சுமார் 2 மில்லிமீற்றர் கனமுள்ள நான்கு தகடுகளை விளிம்போடு விளிம்பு பற்றவைத்து ஆக்கிய நீண்ட பெட்டியே அது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்லப்போகும் செய்தி முழுவதும் அந்த 2 மில்லிமீற்றரைச் சுற்றியே நிற்கிறது.

நம் மாணவரின் தந்தையாருடைய வண்டி நீளமான வகையைச் சேர்ந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 109 அங்குலம். சில்லுகளுக்கு அகன்ற டயர்கள். இவ்வண்டியில் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினால் அவ்வசைவு உடனே சில்லைச் சென்றடைவதில்லை. வளையத்தின் தண்டு முதலிலே ஸ்டியரிங் பெட்டிக்குள் இறங்குகிறது. பெட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் முன்புறம் நோக்கிச் செல்கிறது. அங்கே சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் 'ரிலே' என்னும் ஓர் உருளை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேலே ஒரு நெம்புகோல், கீழே ஒரு நெம்புகோல். மேலே வாங்கிய அசைவை அது கீழே ஒரு குறுக்குத் தண்டுக்குக் கொடுக்க, அத்தண்டு சில்லுகளைத் திருப்புகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி இறுகினாலும் அதன் பாரம் ஓட்டுபவரின் தோளிலேயே வந்து விழும்.

முதலில் நோயை அறிதல்

பவர் ஸ்டியரிங் வேண்டுமா என்று தீர்மானிக்குமுன், ஸ்டியரிங் ஏன் பாரமாயிருக்கிறது என்று அறிய வேண்டும். அநேகர் இதைச் செய்வதில்லை. பழைய வண்டிதானே, பாரமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் டயர்களிற் காற்றின் அளவைப் பார்த்தோம். குறைவாயிருந்தது. சரிசெய்தோம். பின்பு முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, இரு சில்லுகளும் நிலத்தைத் தொடாமல் நிறுத்தினோம். இப்பொழுது டயருக்கும் தரைக்கும் உராய்வே இல்லை. வளையம் இலேசாகச் சுழல வேண்டும். சுழலவில்லை, இரு கைகளாலும் இழுக்கவேண்டியிருந்தது. ஆகவே தடை வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்பது விளங்கிற்று.

அடுத்துத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கழற்றிவிட்டபின் ஸ்டியரிங் பெட்டி மாத்திரம் இரு விரல்களுக்குத் திரும்பியது. சில்லுகளைக் கையால் தள்ள அவையும் இணங்கின. எஞ்சியது ரிலே. அதன் நெம்புகோல் கைக்கு அசையவேயில்லை. இரும்புக் கம்பி ஒன்றை மாட்டி இழுத்த பின்னரே முனகிக்கொண்டு நகர்ந்தது. "இதற்குள் எண்ணெய் விட்டதாக எனக்கு நினைவே இல்லைத் தம்பி" என்று மகனை நோக்கித் தந்தையார் மெல்லச் சொன்னார். பல ஆண்டுகளாக அவர் சில்லுகளோடு மல்லாடியதாக எண்ணியிருந்தார். உண்மையில் மல்லாடியது துருப்பிடித்த ஓர் உருளையோடு.

ரிலேயைக் குறுக்குச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்கவே ஒரு பகல் முழுவதும் சென்றது. இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவ்வுருளைக்குள் பலமான சுருள்வில் ஒன்று நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. அறியாமற் திறந்தால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். முகத்தில் அடிபட நேரும். பழகிய தொழிலாளர் அதன்மேற் சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பின்னரே திறப்பர். வீட்டு முற்றத்திற் செய்து பார்க்கத்தக்க வேலை அன்று.

ரிலேயைத் துப்புரவு செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, எண்ணெய் நிரப்பிப் பூட்டியதும், ஓடும்போது ஸ்டியரிங் பாதிக்குப் பாதி இலேசாயிற்று. மூன்று வாரம் ஓட்டிப் பார்க்கும்படி சொல்லித் திரும்பினோம். வாசகர்களிற் பழைய வாகனம் வைத்திருப்போர் பலருக்கு இந்த அளவே போதும். செலவும் சொற்பம்.

ஆனால் நம் நண்பருக்கு அது போதவில்லை. மூன்று வாரங்களின் பின் வந்த கடிதத்திற் கண்ட செய்தி: "ஓடும்போது அப்பாவுக்கு நோவு குறைந்திருக்கிறது. சந்தையிலே மூட்டைகள் நிறைந்த வண்டியை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் திருப்பும்போது மாத்திரம் பல்லைக் கடிக்கிறார்." நின்ற வண்டியின் டயரைத் தரையிலே தேய்த்துத் திருப்புவதே எல்லாவற்றிலும் பாரமான வேலை. அதற்குத் துணை வேண்டும்.

எண்ணெய் செய்யும் உதவி

அத்துணையை மனிதன் தேடிக்கொண்ட கதை சுவையானது. அமெரிக்காவிற் பியர்ஸ்-ஆரோ என்னும் நிறுவனத்தின் லொறிப் பிரிவிற் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியியலாளர், பெரிய லொறிகளை ஓட்டுவோர் படும் பாட்டைக் கண்டவர். வேலையை விட்டு விலகித் தாமாகவே ஆராய்ந்து, எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும் கருவியை ஆக்கி, 1926 ஆம் ஆண்டிலே தம் வாகனத்திற் பொருத்தி ஓட்டிக் காட்டினார். பெரிய நிறுவனங்கள் வியந்தன. ஆனால் பொருளாதார மந்தம் வந்தபோது செலவு அதிகமென்று ஒதுக்கிவிட்டன. இரண்டாவது உலக யுத்தத்திலே பாரமான கவச வாகனங்களுக்கு அது பயன்பட்டது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய மோட்டார்க் காரில் அது வந்தது 1951 ஆம் ஆண்டில், கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் வண்டியிலேதான். ஒரு நல்ல எண்ணம் கடைக்கு வரக் கால் நூற்றாண்டு சென்றது.

அது வேலைசெய்யும் விதம் யாது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17 ஆம் நூற்றாண்டிற் கண்டார். என்ஜினிலே பெல்ட் ஒன்றால் இயங்கும் பம்பி எண்ணெயைத் தள்ளுகிறது. ஸ்டியரிங் பெட்டிக்குள் ஒரு முசலம் இருக்கிறது. அதன் எப்பக்கத்துக்கு எண்ணெய் செல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு வால்வு. வளையத்திற்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய உருக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. ஓட்டுபவர் வளையத்தைத் திருப்ப, சில்லு எதிர்த்து நிற்க, கம்பி சிறிதளவு முறுகுகிறது. அந்த முறுக்கே வால்வைத் திறக்கிறது. எண்ணெய் முசலத்தைத் தள்ளச் சில்லு திரும்புகிறது. சில்லு கையை எட்டிப் பிடித்ததும் கம்பியின் முறுக்குத் தளர்ந்து வால்வு மூடிக்கொள்கிறது. நேரே ஓடும்போது எண்ணெய் தடையின்றிச் சுற்றிவந்து தொட்டியிலே விழுகிறது. டேவிஸ் கண்ட நுட்பம் இதுவே. ஆணையிடுவது கை, உழைப்பது எண்ணெய்.

பாரம் எங்கே போகிறது?

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் செய்தி வருகிறது. கையிலிருந்து பாரம் நீங்கிவிட்டது. அது எங்கே சென்றது? உலகத்தில் எந்தப் பாரமும் வெறுமனே மறைந்துவிடுவதில்லை.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முசலத்தின் விட்டம் இரண்டரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 4.9 சதுர அங்குலம். எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தல் என்று கொண்டால், முசலத்தைத் தள்ளும் விசை ஏறக்குறைய 4,900 இறாத்தல். அதாவது இரண்டு தொன்னுக்கு மேல். பற்களும் நெம்புகோல்களும் இடையிலே இருப்பதால் அது அப்படியே சில்லுக்குச் செல்வதில்லை. பாதியளவே சென்றாலும் ஒரு தொன்னுக்கு மேலாகிறது. கையால் மாத்திரம் திருப்பிய காலத்தில், பலசாலி ஒருவர் இழுத்தாலும், அதே இடத்தில் அரைத் தொன் வருவதே அரிது.

சில்லை ஒரு தொன் விசையோடு ஒரு பக்கம் தள்ளும் பெட்டி, தான் பூட்டப்பட்டிருக்கும் சேசிஸை அதே ஒரு தொன் விசையோடு மறுபக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடமாக்கிய மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, தோளிலிருந்து இறங்கிய பாரம் அந்த 2 மில்லிமீற்றர் தகட்டின்மேல், முன்னிலும் இரட்டிப்பாய் ஏறி அமர்கிறது.

பிஸ்கற்று வரும் தகரப்பெட்டியை எல்லா வீடுகளிலும் காணலாம். அதை நிறுத்திவைத்து மேலே ஒரு பிள்ளை ஏறி நிற்கலாம், தாங்கும். ஆனால் அதன் பக்கத்தின் நடுவிலே பெருவிரலால் அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போகும். சேசிஸும் அத்தகையதே. முழுப் பெட்டியாக வண்டியைச் சுமக்க வல்லது. பக்கத் தகட்டின் ஓரிடத்திலே இழுத்தால் தளரும்.

இந்த எண்ணத்தோடு, இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன அந்தக் கராஜுக்கும் மாணவரோடு சென்றோம். அவர்கள் சில மாதங்களுக்கு முன் இதே விதமாக மாற்றிக் கொடுத்த ஒரு வண்டி, "ஸ்டியரிங் அலைகிறது" என்ற முறைப்பாட்டுடன் திரும்பி வந்து நின்றது. சில்லுகளின் நேர்மையைப் பார்த்துவிட்டார்கள், பந்துமூட்டுகளை மாற்றிவிட்டார்கள், குறை தீரவில்லை. நாம் ஒருவரை ஆசனத்தில் ஏற்றி என்ஜினை இயக்கி, நின்றபடியே வளையத்தை இடமும் வலமும் திருப்பச் சொல்லிவிட்டு, கையிலே விளக்குடன் முன்புறத்தைக் கவனித்தோம். வளையம் திரும்புந்தோறும், பெட்டியைத் தாங்கிய இரும்பு மடிப்போடு சேசிஸின் பக்கத் தகடும் மூச்சு விடுவது போல வெளியே வந்து உள்ளே போயிற்று. மடிப்பைத் தகட்டோடு நேரே பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த கோட்டின் ஓரமாக, தலைமயிரின் அகலத்தில் ஒரு வெடிப்பு ஒன்றரை அங்குலம் ஓடியிருந்தது.

அந்த வண்டி தினமும் இறம்பொடை வளைவுகளில் ஏறி இறங்குவது. அங்கே ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். மாணவரின் முகத்தைப் பார்த்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியின் உரிமையாளருக்குச் செய்தி சொல்லி, அதைத் தெருவில் இறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தோம். அந்தக் கராஜ்காரரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டோம். பம்பியையும் பெட்டியையும் குழாய்களையும் ஒழுங்காகவே பூட்டியிருந்தார். பாரம் எங்கே போகிறது என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கேட்க மறந்துவிட்டார்.

மின்சாரத் துணையும் உண்டு

இக்காலத்துச் சிறு கார்களில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார் வளையத்தின் தண்டைத் திருப்ப உதவுகிறது. அத்தகைய தண்டை எடுத்துப் பழைய லாண்ட் றோவரிற் பூட்டுவோரும் இருக்கிறார்கள். சேசிஸில் ஒன்றும் வெட்ட வேண்டியதில்லை என்பது அதன் நயம். ஆனால் அதன் உதவி பழைய ஸ்டியரிங் பெட்டி, பழைய ரிலே, பழைய மூட்டுகள் எல்லாவற்றினூடாகவுமே சில்லுக்குச் செல்ல வேண்டும். அவை தேய்ந்திருந்தால் தேய்வு விரையும். மேலும் நம் நண்பரின் வண்டியிலிருந்த பழைய டைனமோ அதிகமாய்க் கொடுப்பதே 22 அம்பியர். நின்ற இடத்திற் திருப்பும்போது மின்மோட்டார் அதனிலும் அதிகம் கேட்கும். எனவே டைனமோவை நீக்கி ஆல்டர்நேட்டர் பூட்ட வேண்டும். இலகுவான பாரத்துக்கு இது நல்ல வழி. மூட்டைகள் ஏற்றும் நீண்ட வண்டிக்கு, பின்னாளில் வந்த லாண்ட் றோவர் வகைகளின் எண்ணெய்ப் பெட்டியே பொருத்தம் என்று தீர்மானிக்கப்பட்டது.

பூட்டிய விதம்

வேலையைக் கம்பளைப் பக்கத்து முதிய தொழிலாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். "இரண்டு நாளில் முடியுமா?" என்று கேட்டோம். "மூன்று கிழமை தாருங்கள்" என்றார். அந்த விடையே நமக்கு நம்பிக்கையைத் தந்தது.

முதலிற் சேசிஸின் முன்பகுதியைச் சுரண்டித் துப்புரவாக்கிச் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருத் தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த ஒரு சாண் அளவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தார்.

பின்பு மரத்தாலே பெட்டியின் உருவம் ஒன்றைச் செய்து, அதை வைத்து இடம் பார்த்தார். சில்லு முழுவதும் திரும்பும்போது எதிலாவது முட்டுமா, அச்சு மேலே எழும்போது தண்டு எதையாவது உராயுமா, பெட்டியின் கை எத்திசையில் அசைகிறது என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே இரும்பைத் தொட்டார். கை அசையும் திசை முக்கியமானது. வேறு அமைப்புள்ள வண்டியின் பெட்டியைப் பார்க்காமற் பூட்டிவிட்டு, வளையத்தை இடப்பக்கம் திருப்பச் சில்லு வலப்பக்கம் போவதைக் கண்டு திகைப்பவர்களும் உண்டு.

சேசிஸின் இரு பக்கங்களிலும் 6 மில்லிமீற்றர் கனமான தகடுகளை வைத்தார். அவற்றின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் மீனின் வடிவிற் கூராக்கினார். ஏன் என்று மாணவர் கேட்டார். செங்குத்தாகப் பற்றவைத்தால் சட்டத்துக்குக் குறுக்கே ஒரே கோட்டில் முழு விசையும் நின்று வெடிப்பை உண்டாக்கும். கூராக்கினால் விசை சிறிது சிறிதாகப் பரவும் என்றார் முதியவர்.

அடுத்ததே முக்கியமான வேலை. போல்ட் செல்லவேண்டிய ஒவ்வோரிடத்திலும் சேசிஸின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை துளையிட்டு, அத்துளையிற் கனமான உருக்குக் குழாய் ஒன்றைச் செலுத்தி, இரு பக்கமும் பற்றவைத்தார். போல்ட் அக்குழாயினூடே செல்லும். குழாய் இல்லாவிட்டால், சுரையை இறுக்க இறுக்க உட்பொள்ளலான சேசிஸ் தகரப்பெட்டி போல நசுங்கும். நசுங்கிய இடத்திற் போல்ட் ஒருபோதும் இறுகி நிற்காது. குழாய் இருந்தால் இரு பக்கத் தகடுகளும் ஒன்றாகச் சேர்ந்து பாரம் தாங்கும். தலையிலே 8.8 என்று பொறிக்கப்பட்ட வலிய போல்ட்டுகளையே பயன்படுத்தினார். பெட்டியிருந்த பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்துக்கு ஒரு முண்டுத்தண்டும் வைத்தார். பாரத்தை ஒருவன் தலையில் வைக்காது நால்வர் தோளில் வைப்பது போன்றது இது.

பழைய வளையத்தண்டும் பழைய பெட்டியும் ஒரே உறுப்பாக இருந்தவை. ஆகவே புதுத்தண்டு ஒன்று இரண்டு மூட்டுகளோடு தேவைப்பட்டது. இத்தண்டை வெட்டிப் பற்றவைத்து நீட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. முதியவர் அதற்கு இணங்கவில்லை. பற்கள் வெட்டிய தண்டுகளையே ஒன்றுக்குள் ஒன்று செலுத்திப் பூட்டினார். எண்ணெய்க் குழாயும் அவ்வாறே. பம்பியிலிருந்து வரும் குழாய் அதற்கென்றே செய்த உயர் அழுத்தக் குழாயாய் இருத்தல் வேண்டும். றேடியேற்றர் றப்பர்க் குழாயை அவ்விடத்திற் பூட்டினால் அது வெடித்துக் கொதிக்கும் எண்ணெயைச் சூடான என்ஜின் மேற் பொழியும்.

சில்லு முழுவதும் திரும்பி நிற்கவேண்டிய இடத்தில், அச்சிலுள்ள தடைப்போல்ட்டே முதலில் முட்டும்படி சரிசெய்தார். பெட்டி தன் எல்லையிலே தானே முட்டினால் உள்ளுறுப்புகள் கெடும். கடைசியாகச் சில்லுகளை உயர்த்திவைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, வளையத்தை இரு பக்கமும் பல முறை திருப்பி, எண்ணெயிலிருந்த காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார்.

துப்புரவு செய்த பழைய ரிலேயை எண்ணெய்த் துணியிற் சுற்றிப் பெட்டியிலே வைத்திருக்கும்படி கொடுத்தார். அதற்குச் செய்த செலவு வீண் என்று மாணவரின் தாயார் வருந்தினார். நாம் அப்படி எண்ணவில்லை. நோய் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று நமக்குக் காட்டியது அந்த ரிலே. என்றாவது பழைய அமைப்புக்கே திரும்பவேண்டி வந்தால் அது உதவவும் செய்யும்.

இத்தகைய மாற்றம் செய்ய நினைப்போர் முன்கூட்டியே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், தம் காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வது நன்று. விபத்து நேர்ந்தபின் விசாரிப்பதிற் பயனில்லை.

ஓட்டுபவர் அறியவேண்டியது

வண்டியைக் கையளித்தபோது முதியவர் தந்தையாரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். "வளையத்தை முழுக்கத் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், பம்பி கொதித்துவிடும். இறக்கத்தில் ஒருபோதும் என்ஜினை நிறுத்தாதீர்கள்."

இரண்டாவது வார்த்தையை எல்லா வாசகர்களும் கேட்க வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி ஓட்டும் தீய வழக்கம் சிலரிடம் உண்டு. அஃது எந்த வண்டிக்கும் அபாயமானதே. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிக்கு இரட்டிப்பு அபாயம். என்ஜின் நின்றால் பம்பி நிற்கும். பம்பி நின்றால் உதவி நிற்கும். அப்பொழுதும் வளையம் சில்லைத் திருப்பவே செய்யும், தொடர்பு அறுந்துபோவதில்லை. ஆனால் இலேசுக்குப் பழகிய கைக்குத் திடீரென்று முன்னிலும் பெரிய பாரம் வந்து சேரும். அது வளைவின் நடுவிலே வந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போனோம். தந்தையார் மூட்டைகள் ஏற்றிய வண்டியை வாசலிலே ஒரு கையால் திருப்பி நிறுத்தினார். தோள் எப்படி என்று கேட்டோம். "நோவு முற்றாகப் போகவில்லை ஐயா. ஆனால் இரவில் நித்திரை கொள்கிறேன்" என்றார். சிறிது நேரம் பொறுத்து, "ஒன்று மாத்திரம் குறை. முன்பெல்லாம் பாதை என் கையோடு பேசும். கல் எது, சேறு எது என்று கை சொல்லிவிடும். இப்பொழுது பேச்சுக் குறைந்துவிட்டது. கண்ணால் அதிகம் பார்க்கவேண்டியிருக்கிறது" என்றார். உண்மையே. வலியைக் குறைக்கும் கருவி உணர்ச்சியையும் சிறிது குறைத்துவிடுகிறது. அதை அறிந்து மெதுவாக ஓட்டுபவருக்குக் கேடில்லை.

வண்டியின் முன்புறம் குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும், அதையொட்டிய தகட்டிலுமாக, வெள்ளை மையினால் ஒரே நேர்கோடு இழுத்திருந்தது. போல்ட் சிறிது தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிவிடும். பற்றவைத்த ஓரங்களிலும் துடைத்துப் பார்த்த அடையாளம் இருந்தது. மாணவரே இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார். பரீட்சை நெருங்கிவிட்டதால், ஞாயிறுதோறும் விளக்கைப் பிடித்துக் கோடுகளைப் பார்த்துக் கொப்பியிலே குறித்துவைக்கும் வேலையைத் தங்கையிடம் ஒப்படைத்திருக்கிறார்.

அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். திகதி போட்டு, ஒவ்வொரு வரியிலும் சின்ன எழுத்திலே "எல்லாக் கோடும் நேர்" என்று எழுதியிருந்தது. பவர் ஸ்டியரிங் பூட்ட விரும்பும் அன்பர்கள் பம்பியின் விலையை விசாரிக்குமுன், இப்படி ஒரு கொப்பியும், அதை ஞாயிறுதோறும் எழுத ஒருவரும் தம் வீட்டில் உண்டா என்று பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.